பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொள்வார்கள்?

"அந்த நேரம் வந்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், இப்போதே அதை ஏன் பேசணும்?" கடைசிக்கால மருத்துவம் பற்றி வாயெடுத்தால் பெரும்பாலான வீடுகளில் இதுதான் பதில். இதை நான் ஏற்கவில்லை.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் இடம் ஐ.சி.யூ. வாசல். நடுராத்திரியில் டியூட்டி டாக்டர் படிவத்தை நீட்டுகிறார்: "மூச்சு ரொம்பத் திணறுது. வென்டிலேட்டர் போடலாமா, வேண்டாமா?" பேனா மூத்தவன் கையில். துபாயிலிருந்து தம்பி, "என்ன செலவானாலும் போடச் சொல்லுண்ணே" என்கிறான். கூடவே இருந்து குளிப்பாட்டிவிட்ட மகள், "அம்மாவுக்குக் குழாய் சொருகினாலே ஆகாதேண்ணே" என்று அழுகிறாள். அம்மா மூவரையும் வைத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்தப் பக்கம் கையெழுத்து விழுந்தாலும் போட்டவன் அதை ஆயுசுக்கும் சுமப்பான். பதினாறாம் நாள் காரியத்தோடு பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளை நான் அறிவேன்.

அபசகுனம் என்பார்கள். கூரைப்புடவை கட்டித்தான் தன்னை அனுப்ப வேண்டும் என்று சொல்லிவைக்கும் பாட்டிகள் நம் ஊரில் இல்லையா? போனபின் உடுத்துவதைப் பேசலாம் என்றால், உயிரோடிருக்கும்போது உடம்புக்கு என்ன செய்வது என்பதையும் பேசலாம்.

எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே 'லிவிங் வில்' பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் டாக்டர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம் இன்னும் ஆழமானது. அந்தப் பத்திரம், நோயாளியால் சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில், தேறுவதற்கு வழியில்லாதபோதுதான் செல்லும். அப்போதும் ஒரு டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது. மருத்துவமனையின் குழு ஒன்றும், வெளியிலிருந்து நியமிக்கப்படும் டாக்டர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். வலிக்கான மருந்தும் பராமரிப்பும் தொடரும். ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான்.

இந்தப் பேச்சு வயதானவர்களுக்கு மட்டும் என்பதும் சரியல்ல. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டபோது அவருக்கு 25 வயது. மூளை பாதிக்கப்பட்டு 2015இல் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். உணவை நிறுத்த அனுமதிக்கும்படி எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். ஆண்டுக்கணக்கில் அருணாவைப் பராமரித்த ஊழியர்கள் கூடாது என்றார்கள். 2011இல் நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. இரு தரப்பும் அவர்மேல் பிரியம் வைத்தவர்கள்தான். அருணாவின் விருப்பத்தைத்தான் யாராலும் கேட்க முடியவில்லை.

சட்டச் சிக்கல் என்ற புகாரில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் 'லிவிங் வில்'லை அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். நம் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

பத்திரத்துக்கு முன்னால் பேச்சு வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோரும் கூடும்போது, சாப்பாடு முடிந்ததும் பெரியவரே ஆரம்பிக்கட்டும்: வென்டிலேட்டர் வேண்டுமா, வைத்தால் எத்தனை நாள் பார்ப்பது, மூக்குக்குழாய் வழியே கஞ்சி கொடுக்கலாமா, கடைசி நாட்கள் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, பிள்ளைகள் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது முடிவு. துபாய் தம்பியையும் வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.