சொத்து வரி மேல்முறையீடு: சிறு வீட்டுக்காரருக்கும் வழக்கறிஞர் துணை வேண்டும்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி உயர்ந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. உள்ளாட்சிகளுக்கான மானியத்தைச் சொத்து வரிச் சீர்திருத்தத்தோடு 15ஆவது நிதிக்குழு இணைத்திருந்தது. அந்த உயர்வு சரியா, தவறா என்ற விவாதத்துக்குள் குடியிருப்போர் கூட்டமைப்பு இந்த அறிக்கையில் போகவில்லை. உயர்வு எந்தக் கணக்கின் மேல் ஏறியது என்பதுதான் அதன் கவலை.

1,150 சதுர அடி வீடு ஒன்று பதிவேட்டில் 1,250 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய வரியில் அந்தப் பிழையின் சுமை 9 சதவீதத்துக்குள் அடங்கும். வீட்டுக்காரர் கவனித்திருக்கவே மாட்டார். சீராய்வில் அந்த வீடு 75 சதவீதப் படியிலிருந்து 100 சதவீதப் படிக்குத் தள்ளப்படுகிறது. கட்ட வேண்டியதைவிட ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதலாக அவர் கட்டுகிறார். பிறகு வரும் ஒவ்வொரு உயர்வும் இந்தத் தப்பான தொகையின் மேலேயே ஏறும். சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு வாடகை வீடாகப் பதிவாவது, வீடு வணிகக் கட்டடமாக மாறிக் கிடப்பது, ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் இருப்பது எல்லாம் இதே வகைப் பிழைகள்தான்.

இவற்றைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் மாநகராட்சியிலேயே ஆட்சேபணை, அடுத்து வரி மேல்முறையீட்டு அமைப்பு, அதன் பின் நீதிமன்றம். வழி இருந்தும் சிறு வீட்டுக்காரர்கள் அதில் நடப்பதில்லை. எந்த அலுவலகத்தில், எத்தனை நாளுக்குள், எந்தக் காரணத்தை எழுதி, எந்த ஆவணத்தை இணைப்பது என்று சொல்ல ஆளில்லை. பில் கலெக்டரிடம் கேட்டால் மண்டல அலுவலகம். அங்கே கேட்டால் மறுபடியும் பில் கலெக்டர். இரண்டு நடை நடந்ததும் மனிதர் சலித்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்.

படிகளின் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2020-ல் நடிகர் ரஜினிகாந்த் தம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்துக்கு வந்த 6.5 லட்சம் ரூபாய் அரையாண்டு வரியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். ஊரடங்கில் மண்டபம் மூடிக் கிடந்ததால் வரிச் சலுகை வேண்டும் என்பது அவர் தரப்பு. மாநகராட்சிக்குச் செப்டம்பர் இறுதியில் மனு அனுப்பிவிட்டு, பதிலுக்குப் போதிய அவகாசம் தராமல் வழக்குத் தொடர்ந்ததை நீதிமன்றம் கண்டித்தது. செலவுத் தொகை விதிக்க நேரும் என்றும் எச்சரித்தது. அவர் மனுவைத் திரும்பப் பெற்று வரியைக் கட்டினார். சலுகைக் கோரிக்கையில் நியாயம் இருந்ததா என்ற கேள்விக்குள் வழக்கு போகவே இல்லை. தேர்ந்த வழக்கறிஞர்களை அமர்த்த முடிந்தவருக்கே இந்த நிலை என்றால், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் துணையில்லாமல் இதை எப்படிச் சமாளிப்பார்?

ஆகவே கூட்டமைப்பின் நிலைப்பாடு இது: சொத்து வரி மேல்முறையீட்டுக்கான வழக்கறிஞர் உதவி, இலவச சட்ட உதவியின் வழக்கமான பணியாக நடக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் ‘நீதிமன்றம்’ என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயங்களையும், நீதிமன்றம் போல விசாரித்து முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற அமைப்புகளையும் சேர்த்தே வரையறுத்திருக்கிறது. அதன் 12ஆவது பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பெண்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டோர், குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே உள்ளோர் ஆகியோரை உதவி பெற உரியவர்களாகச் சொல்கிறது. வீடு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால் அவருடைய வருமானம் எவ்வளவு என்று கேட்க வேண்டியதே இல்லை. கோரிக்கையில் முகாந்திரம் இருந்தால் போதும். சொத்து வரி என்றதும் இந்த வாசல் நம் நினைவுக்கு வருவதில்லை; ஜீவனாம்சத்துக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் மட்டுமே அது திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்கறிஞர் வந்தால் வழக்குகள் பெருகும், மாநகராட்சியின் வருவாய் குறையும் என்ற ஆட்சேபம் எழும். கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. ஆவணங்களைப் பார்த்துவிட்டு, “கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கட்டிவிடுங்கள்” என்று சொல்வதும் வழக்கறிஞரின் வேலைதான். கால்வாயும் தெருவிளக்கும் இந்த வரியில்தான் நடக்கின்றன. வரி கட்டாமல் தப்பிக்க நினைப்பவருக்கு இந்தக் கூட்டமைப்பு துணை நிற்காது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் சொத்து வரி மேல்முறையீடு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. குறைத்துக் கொடுத்த வரியில் வழக்கறிஞருக்கு ஒரு பங்கு. ஏழைப் பகுதி வீடுகள் மதிப்புக்கு மீறியும், வசதியான பகுதி வீடுகள் மதிப்புக்குக் குறைவாகவும் மதிப்பிடப்பட்டதை 2017-ல் சிகாகோ டிரிப்யூன் அம்பலப்படுத்தியது. மேல்முறையீடும் வசதியானவர்களுக்கே கூடுதலாகக் கைகொடுத்தது. மாமன்ற உறுப்பினராக அரை நூற்றாண்டு இருந்த எட்வர்ட் பர்க், தம் சட்ட நிறுவனத்துக்கு வரி வழக்குகளைத் தரச் சொல்லி வணிகர்களை நெருக்கிய குற்றத்துக்காக 2024-ல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். இங்கே வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. இடைத்தரகர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. மதுரையில் வணிகக் கட்டடங்களுக்கு முறைகேடாக வரி குறைக்கப்பட்டதாக எழுந்த புகாரில் 2025-ல் கைதுகள் நடந்தன. முறையான வாசல் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்ட பின்வாசல் திறக்கிறது என்பது கூட்டமைப்பின் உறுதியான எண்ணம்.

விசாரித்து முடிவெடுக்கும் அமைப்புகள் தம் முடிவுக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘மனு நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி உத்தரவுகள் அதற்குப் பின்னும் வரக் கூடாது. வரியைக் கட்டிய பிறகே மேல்முறையீடு என்ற நிபந்தனை செல்லும் என்று 1975-ன் அனந்த் மில்ஸ் வழக்கிலேயே அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கூட்டமைப்பு அதை மதிக்கிறது. ஆனால், அந்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் சட்டமன்றத்திடம் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் சிறு வீடுகளுக்கு, தகராறு இல்லாத பகுதியை மட்டும் கட்டினால் மனுவை விசாரிக்கலாம் என்று திருத்தம் வர வேண்டும்.

சங்கங்கள் சேர்ந்து நிற்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்கம் தம் நகராட்சியோடு உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகைக்கு மேல், வரி கணக்கிடுவதற்கான ஆண்டு மதிப்பை நிர்ணயிக்க முடியாது என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. தனி ஒருவர் தாங்கியிருக்க முடியாத வழக்கு அது.

மாநகராட்சிகளிடம் கூட்டமைப்பு முதலில் கேட்பது செலவில்லாத ஒரு காரியம். அடுத்த அரையாண்டு வரி அறிவிப்பின் பின்பக்கத்தில் அளவு, தெரு விகிதம், பயன்பாட்டு வகை, கட்டடத்தின் வயது ஆகியவற்றோடு வரி எப்படி வந்தது என்ற கணக்கு முழுவதும் இருக்கட்டும். அதற்குக் கீழே மேல்முறையீட்டுக்கான முகவரியும் கடைசி நாளும், சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண் 15100-உம் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சாகட்டும்.