தரகும் நாணயமும்

சொந்த வீடு என்பது சாமானியக் குடும்பத்திற்கு வாழ்நாளில் ஒருமுறை கைகூடும் பேறு. மனைவியின் நகை, மகன் அயல்நாட்டில் பாடுபட்டு அனுப்பிய பணம், வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்துதான் அது உருவாகின்றது. அத்தகைய நன்னாளில் மனக்கசப்பு தலைகாட்டுவது பெரும்பாலும் எங்கே தெரியுமா? தரகுத் தொகையில்தான்!

முதல் நாள் கேட்டால், “வேலை முடியட்டும், பார்த்துக் கொடுங்கள்” என்கிறார் தரகர். நாமும் கூச்சப்பட்டு மேற்கொண்டு பேசுவதில்லை. பத்திரம் பதிவாகும் அன்று, சார்பதிவாளர் அலுவலக வாசலில், அவர் இரண்டு சதவீதம் கேட்கிறார். நாமோ ஒரு சதவீதத்தை மனத்தில் எண்ணியிருக்கிறோம். 50 இலட்சம் ரூபாய் வீட்டில் இந்த வேறுபாடு 50,000 ரூபாய். அங்கே குரல்கள் உயர்கின்றன, உள்ளங்கள் முறிகின்றன.

தரகுத் தொழிலே இழிவானது என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. மதீனாவில் வாணிபம் செய்தோர் முன்பு தரகர்கள் என்றே அழைக்கப்பட்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனினும் அழகிய பெயரால், வணிகர்கள் என்று அவர்களை விளித்தார்கள். கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியம் செய்தலும் கலந்துவிடுவதால், அதனோடு தருமத்தையும் கலந்துகொள்ளுமாறு பணித்தார்கள். இதனை அறிவிப்பவர் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள். தரகரின் கூலியில் குற்றமில்லை என்றே இப்னு ஸீரீன், அதா, ஹஸன் பஸரீ முதலிய முன்னோர்களும் கருதினர். எனவே கூலி ஆகுமானதே. ஆயினும் அது இன்னதென்று இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும்.

நாட்டின் சட்டம் இதனை நமக்காகப் பேசி முடிக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவர்கள் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் தரகு இத்தனை சதவீதம் என்று அது வரையறுக்கவில்லை. ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது, அந்தப் பதிவு விதியும் பொருந்துவதில்லை. ஆகவே ஊர் வழக்கம் என்று சொல்லப்படுவது வழக்கமே தவிர, மாற்ற முடியாத கட்டளையன்று. பேரம் பேசுதல் தவறுமன்று.

பேசும் முன் ஒரு கணக்கை உணர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் விற்பவராயின், விலை ஓர் இலட்சம் கூடினால் உங்களுக்கு ஓர் இலட்சம் இலாபம். ஒரு சதவீதம் பெறும் தரகருக்கோ ஆயிரம் ரூபாய்தான். ஆகவே, வந்த விலைக்கு விரைவில் முடித்துவிடவே அவர் உள்ளம் நாடும். நீங்கள் வாங்குபவராயின், விலை குறையக் குறைய அவருடைய கூலியும் குறைகின்றது. இது அவருடைய குணக்கேடன்று. சதவீதக் கணக்கின் இயல்பு. இதனைத் தவிர்க்க விரும்புவோர், விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத ஒரு தொகையைக் கூலியாகப் பேசிக்கொள்ளலாம்.

தொகையோடு வேறு சிலவற்றையும் பேசுதல் வேண்டும். கூலி முன்பணம் கொடுக்கும்போதா, பத்திரம் பதிவான பின்னரா? இடையில் கிரயம் முறிந்தால் என்ன செய்வது? அவர் மறு தரப்பாரிடமும் கூலி பெறுகின்றாரா? பெறுவதாயின் இருவரும் அறியப் பெறட்டும். வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் அவர் வாங்கித் தரலாம். ஆனால் அவற்றை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் வழக்கறிஞரே. இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது அவநம்பிக்கையன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே, தவணைக் கடனைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்வதைப் பற்றியதன்றோ?

விற்பவரிடம் 50 இலட்சம் என்று முடித்து, வாங்குபவரிடம் 52 இலட்சம் என்று சொல்லி, நடுவில் இரண்டு இலட்சத்தை மறைத்துக்கொள்ளும் தரகர்களும் உண்டு. இன்ன விலைக்கு மேல் கிடைப்பது உமக்கு என்று உரிமையாளரே சொல்லிவிட்டால் குற்றமில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. அது அறிந்து கொடுத்தது. இதுவோ அறியாமல் பறித்தது. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரை நிறுத்தி விலையை உயர்த்துவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள்.

தரகரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியுமா? வெயிலில் பத்து வீடுகளை நமக்குக் காட்டியவர் அவர். பதினோராவது வீடு பிடித்துப்போனதும், அவருக்குத் தெரியாமல் உரிமையாளரைத் தனியே சந்தித்து, கூலி மிச்சம் என்று மகிழ்வோர் நம்மிலே இல்லையா? பேசிய தொகையில் பாதியைக் கையில் திணித்து அனுப்புவோர் இல்லையா? உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்கு விரிப்பு விரிக்கவிருக்கும் அந்தத் தரையில், ஓர் ஏழையின் உரிமை புதைந்து கிடக்கலாமா?

வாசகர்களே, முதல் வீட்டைப் பார்க்கப் புறப்படுமுன்னரே கூலியைப் பேசிவிடுங்கள். கூச்சமின்றிக் குறைத்துக் கேளுங்கள். ஒப்புக்கொண்ட பின் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். முதல் நாளின் சிறு கூச்சத்தை விலக்கினால், கடைசி நாளின் பெரும் சச்சரவு நீங்கும். நீங்கள் குடிபுகும் இல்லத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத்தை நிறைத்தருள்வானாக!