ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை

காது மடல் சிறுத்தோ, செவித்துளை அடைபட்டோ பிறந்த குழந்தையை ஏந்தி வரும் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது, "காது எப்போது வைப்பீர்கள், டாக்டர்?" என்பதே. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. அந்தத் தாயை விட்டுவிடுங்கள். காதின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழந்தைக்கு என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உட்செவி நன்றாகவே இயங்குகிறது. ஒலி அங்குச் சென்று சேரும் வழிதான் அடைபட்டுள்ளது. இழப்பு 60 டெசிபல் வரை இருக்கலாம். நமது சாதாரணப் பேச்சின் அளவும் ஏறத்தாழ அதுவே. இரு பக்கமும் அடைபட்டிருந்தால் அம்மாவின் பேச்சு தெளிவற்ற முணுமுணுப்பாகவே எட்டும். துளை இல்லாத காதில் வழக்கமான காதுக்கருவியைச் செருகவும் இயலாது. எலும்புவழிக் கருவியோ, அடைபட்ட பாதையை விட்டுவிட்டு, மண்டையோட்டின் அதிர்வாக ஒலியை உட்செவிக்குக் கொண்டு செல்கிறது. எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதில் இக்கருவியை மாட்டும் முறை 1977-இல் சுவீடன் நாட்டில் தொடங்கியது.

திருகு என்றவுடன் குடும்பம் அஞ்சுகிறது. எலும்பு போதிய தடிமன் பெற ஏறத்தாழ 5 வயதாக வேண்டும் என்று அறிந்ததும், அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை என எண்ணி ஊர் திரும்பிவிடுகின்றனர். இக்காத்திருப்பு தேவையற்றது, இரு பக்கமும் அடைபட்ட குழந்தைக்கு அது பெரும் இழப்பு. அதே கருவியை மென்மையான தலைப்பட்டையில் பொருத்திக் கைக்குழந்தைக்குச் சில மாதங்களிலேயே அணிவிக்கலாம். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. பேச்சு கற்கும் காலத்தின் பெரும்பகுதி அந்த 5 ஆண்டுகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கருவி பயன் தருகிறதா என்பதை ஆடியோகிராம் கோட்டைக் கொண்டு மட்டும் நாங்கள் கணிப்பதில்லை. பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? பள்ளி விட்டு வரும்போது மிகவும் சோர்ந்து போகிறதா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணிகிறது? இவற்றை வீட்டார்தான் சொல்ல முடியும். திருமண வீட்டில் படம் எடுக்கும்போது பட்டையைக் கழற்றிவிடும் வழக்கத்தை நாங்கள் விரும்புவதில்லை. அது மறைக்க வேண்டிய பொருள் என்று குழந்தை அப்போதுதான் கற்றுக்கொள்கிறது.

ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட குழந்தையின் நிலை வேறு. பேச்சு பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் இரைச்சல் மிகுந்த வகுப்பில் பாடம் பிடிபடாது, வண்டி எத்திசையில் வருகிறது என்றும் தெரியாது. இவர்களில் சிலர் கருவியை விரும்பி அணிகின்றனர், சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆதலால் அறுவைக்கு முன் பட்டையில் சில வாரங்களேனும் அணியச் செய்து, குழந்தையின் விருப்பத்தையும் கேட்கிறோம். வேண்டாம் என்று 8 வயதுப் பிள்ளை சொன்னால் அதற்கும் மதிப்புண்டு.

அறுவைக்குப் பின்னும் கவனம் தேவை. தோலுக்கு வெளியே நீட்டி நிற்கும் வகையில், அதைச் சுற்றி நாள்தோறும் தூய்மை செய்யாவிடில் தோல் சிவந்து சீழ் பிடிக்கக்கூடும். காந்த வகையில் அத்தொல்லை குறைவு. ஆனால் அழுத்தத்தால் தோல் புண்ணாகலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் மறவாமல் தெரிவிக்கவும் வேண்டும். பின்னாளில் விலா எலும்புக் குருத்தெடுத்துக் காது மடல் அமைக்க எண்ணும் பெற்றோர் அதை எங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மடல் அமையவேண்டிய இடத்தின் தோலில் தழும்பு விழாதவாறு, திருகைச் சற்றுப் பின்தள்ளிப் பதிக்க ஒட்டறுவை மருத்துவருடன் கலந்து முடிவு செய்வோம்.