இறையாண்மை என்ற சொல்லை விலைக்கு வாங்கியவர்கள்

எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் அனுமதி அளித்தபோது, எதிரி யார் என்பதில் ஊராருக்குக் குழப்பமில்லை. ஆலைக்கு நிலம் உண்டு, நீர்க்கணக்கு உண்டு. ஊராட்சி அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்ற முடிந்தது. புகையிலைத் தொழில் அப்படிக் கண்ணில் படுவதில்லை. அது நலவாழ்வின் பெயராலேயே வருகிறது.

மார்ல்பரோவை விற்கும் பிலிப் மோரிஸ், ஆண்டுக்கு 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகள் தருவதாக 2017-இல் அறிவிக்க, ‘புகையற்ற உலகுக்கான அறக்கட்டளை’ பிறந்தது. அதனோடு கூட்டுச் சேர்வதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே அறிவித்தது. ஆயினும் அப்பணத்தில் நியூசிலாந்தில் பழங்குடியினரின் புகைப்பழக்கத்தை ஆராயும் மையம் ஒன்று எழுந்தது. அதன் பெயரிலேயே ‘பழங்குடி இறையாண்மை’ இருந்தது. 2010-இல் மாவோரி விவகாரங்களுக்கான நாடாளுமன்றக் குழு, புகையிலை நிறுவனங்களை விசாரணைக்கு உட்படுத்தி, 2025-க்குள் புகையற்ற நாடு என்ற இலக்கை வகுத்தது. மெய்யான இறையாண்மை அதுவே.

பணம் எவருடையதாயின் என்ன, ஆய்வு நேர்மையானதா என்று பாருங்கள் என்பார் உளர். முடிவைத் திரிக்க வேண்டியதே இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் போதும். புகைப்பவர் எந்த நிக்கோட்டின் பொருளுக்கு மாறலாம் என்பதே கேள்வியாகிவிட்டால், ஏழைகள் வாழும் தெருக்களில் இத்தனை கடைகள் ஏன் என்ற கேள்வி எழாது.

அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையை ‘மரபு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. போர்த்துகீசியர் கொண்டுவந்த இலை எவருடைய மரபு? கம்பெனி ஆட்சியில் மலபாரில் அது அரசின் ஏகபோகச் சரக்கு. கோயம்புத்தூர்ப் புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியே கள்ளத்தனமாகக் கடந்தது. எலப்புள்ளி அக்கணவாயில்தான் இருக்கிறது. மாவோரிகளுக்கும் அது ஐரோப்பியர் கப்பலில் வந்ததே.

பொதுநலக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கச் சொல்லும் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. நலவாழ்வு அமைச்சகம் தன் அலுவலர்களுக்கான நடத்தை விதியை 2020-இல்தான் வகுத்தது. அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகமோ ஐ.டி.சி.யின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. இந்நிலையில், அட்டப்பாடியிலோ இடுக்கியின் முதுவர் குடிகளிலோ ஆய்வாளர் எவரும் வினாத்தாளை விரிக்கும் முன், தம் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊர்க்கூட்டத்தின் முன் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஊர் சொன்னால் திரும்பிவிட வேண்டும்.