கேட்காத காப்பீட்டுக்குக் கணக்கில் பற்று: எழுதிக் கேளுங்கள்

கிசான் கடன் அட்டையைப் புதுப்பித்துவிட்டு வரும் விவசாயிகள் பலரின் பாஸ்புக்கில் ஒரு வரியைப் பார்க்கிறேன். உழவுக்கும் உரத்துக்கும் எடுத்த தொகைகளுக்கு நடுவே 'இன்ஸ்' என்று தொடங்கும் ஒரு சுருக்கக் குறிப்பு. எதிரே சிலருக்கு 436 ரூபாய், சிலருக்கு ஆயிரம், இரண்டாயிரம். "இது என்ன?" என்று கேட்டால், "பயிர் இன்சூரன்ஸா இருக்கும் சார்" என்கிறார்கள். பல நேரங்களில் அது பயிர்க் காப்பீடாக இருப்பதில்லை. அவர்கள் கேட்டு வாங்கிய வேறு காப்பீடாகவும் இருப்பதில்லை.

436 ரூபாய் சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்தக் கணக்கில் ஒன்றரை மூட்டைக்கு மேல். மேலுரம் ஒரு தவணை குறைந்தால் கவலைப்படுகிற நாம், இதற்கும் கொஞ்சம் கவலைப்படலாம்.

முதலில், எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிரீமியம் பருவத்துக்கு ஒருமுறை, காப்பீட்டுத் தொகையின் அடிப்படையில் பிடிக்கப்படும். காரிஃப் பருவத்தில் வரும் குறுவைக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபியில் வரும் சம்பாவுக்கு 1.5 சதவீதம், வாழை, மஞ்சள் போன்றவற்றுக்கு 5 சதவீதம். அடுத்தது 2015-ல் தொடங்கிய இரண்டு மத்திய அரசுத் திட்டங்கள். ஜீவன் ஜோதிக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டும் மே மாதக் கடைசி வாரத்தில் தானாகப் பிடிக்கப்பட்டு, ஜூன் 1 முதல் மறு மே 31 வரை செல்லும். இவை நல்ல திட்டங்களே. ஆனால் விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டுமானவை. நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, பயிர்க்கடனுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வங்கிகளில் வைத்திருப்பவருக்கு இரண்டிலும் பிடித்தம் ஆவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை கட்டினாலும் இழப்பீடு ஒன்றுதான்.

சிக்கல் அதிகம் இருப்பது மூன்றாவது வகையில். வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாகவும் இருக்கின்றன. கடன்தாரர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு, குழு விபத்துக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு என்று பல பாலிசிகளை விற்கின்றன. விற்பதில் தவறில்லை. கடன் பத்திரக் கட்டோடு சேர்த்து விண்ணப்பத்தையும் வைத்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கி, பிறகு கணக்கில் பற்று வைப்பதுதான் தவறு. "எத்தனை இடத்துல கையெழுத்துப் போட்டேன்னு எனக்கே தெரியாது சார்" என்று ஒரு விவசாயி சொன்னார். அப்படி வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம். ஒரு லட்சம் வாங்கி ஓராண்டில் ஒழுங்காகக் கட்டியவருக்கு வட்டி 4,000 ரூபாய். அவர் கணக்கில் கேட்காத பாலிசிக்கு 2,000 ரூபாய் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தக் கடன் 6,000 ரூபாய்க் கடன். நான்கு சதவீதம் ஆறாகிவிட்டது. சேமிப்புக் கணக்குக்குப் பதிலாகக் கடன் கணக்கிலேயே பற்று வைத்தால், அந்த 2,000 ரூபாய்க்கும் வட்டி ஓடும். அரசு தருகிற வட்டிச் சலுகையில் பெரும்பங்கு இப்படிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தரகுக்கும் போய்விடுகிறது. இது வெளியே தெரியாத ரகசியமும் இல்லை. காப்பீட்டைத் தவறாக விற்பது கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் வங்கியாளர்கள் மத்தியில் பேசினார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பாலிசி இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்திரம் கைக்கு வரவில்லை. வாரிசாக யார் பெயர் எழுதப்பட்டது என்றும் தெரியாது. குடும்பத் தலைவர் இறந்த பிறகு, அந்தக் கடனை அடைக்கவே பிரீமியம் பிடிக்கப்பட்டிருந்தும், மனைவியோ மகனோ நகையை விற்றுக் கடனைக் கட்டும் நிலை வரும். கேட்டு வாங்கிய காப்பீட்டுக்கு உரிமை கோர ஆள் இருக்கும். கேட்காமல் தலையில் கட்டியதற்கு இருக்காது. ஆகவே சமீபத்தில் கடன்தாரர் இறந்த வீடுகளில், பணத்தைத் திருப்பிக் கேட்கும் முன் கடந்த ஓராண்டுப் பாஸ்புக்கை வரி வரியாகப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டியது பிரீமியத்தை அல்ல, இழப்பீட்டை.

பிரிட்டனில் நடந்தது

கேட்காத காப்பீட்டைத் திருப்பிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்காக ஒரு வெளிநாட்டுச் செய்தி. பிரிட்டனில் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், வீட்டுக்கடன் வாங்கியவர்களின் தலையில் 'பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்சூரன்ஸ்' என்ற பாலிசியை வங்கிகள் ஆண்டுக்கணக்கில் கட்டிவந்தன. வேலை போனாலோ நோய்வாய்ப்பட்டாலோ மாதத் தவணையை அது கட்டும் என்பது பேச்சு. சுயதொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர் என்று அதில் இழப்பீடு கேட்கவே வழியில்லாதவர்களுக்கும் விற்றார்கள். தாங்கள் வாங்கியதே தெரியாதவர்களும் ஏராளம். மக்கள் எழுதிக் கேட்கத் தொடங்கினார்கள். வங்கிகள் நீதிமன்றம் போய், 2011 ஏப்ரலில் தோற்றன. முறையீட்டுக்குக் கடைசி நாளாக 2019 ஆகஸ்ட் 29 குறிக்கப்பட்டது. வங்கிகள் திருப்பித் தந்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஒரு பெண்மணி கட்டிய பிரீமியத்தில் 71.8 சதவீதம் தரகாகப் போயிருந்தது தெரியவந்தது. நம் ஊர்த் தரகு விகிதமும் இதுதான் என்று சொல்லவரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைகள். ஆளுக்கொரு கடிதம் எழுதியதால்தான் அது நாட்டுப் பிரச்சினை ஆனது.

எப்படிக் கேட்பது?

வாயால் கேட்பதில் பயன் குறைவு. "அது ஹெட் ஆபீஸ்ல பிடிச்சது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பதில் வரும். அந்தக் கவுன்டரில் இருப்பவரோடு சண்டை போடுவதிலும் பொருளில்லை. அவருக்கும் மேலிருந்து மாத இலக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம். கிளை மேலாளருக்கு: என் கணக்கு எண் இது, இந்தத் தேதியில் இந்தத் தொகை காப்பீட்டுக்காகப் பற்று வைக்கப்பட்டுள்ளது, நான் இதைக் கேட்கவில்லை. நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் பாலிசியின் நகலும் வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் தொகையையும் அதன் மேல் ஏறிய வட்டியையும் திருப்பி வரவு வைத்து, இனிவரும் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான். ஒப்புதல் நகலைக் கேட்கும் வரிதான் இதில் முக்கியம். பணத்தை மட்டும் கேட்டால் பேச்சு வளரும். நகலைக் கேட்டால் வங்கி தேடிப் பார்த்தாக வேண்டும்.

கடிதத்தின் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியில் இருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் மனு ஏற்கப்படாது. பொதுத்துறை வங்கியாக இருந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் உங்கள் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் குறைதீர்ப்பாளரின் வரம்பில் வராது. சங்கத்தில் பிடித்திருந்தால் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளருக்கு எழுத வேண்டும்.

ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பத்திரம் கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள், காரணத்தைக் குறிப்பிட்டு வேண்டாம் என்று திருப்பலாம். சிறு கழிவு போக மீதி வரும். இதில் பிடிக்கவில்லை என்பதே காரணமாகப் போதும் என்பதால், கேட்கவே இல்லை என்று வாதாடுவதைவிட எளிது. பத்திரம் வீட்டுக்கு வந்தால் பிரிக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள்.

"இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் லோன்" என்று சொன்னால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கி 2014-ல் வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தை வெளியிட்டது. அதையொட்டி வங்கிகள் தங்கள் கொள்கையாக ஏற்றுக்கொண்டதில், வங்கிச் சேவைக்கு ஈடாக வேறொரு நிறுவனத்தின் பொருளை வாங்கச் சொல்லி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. "அப்படியே எழுத்தில் கொடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் தர யாரும் முன்வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயிர்க் காப்பீடு வேறு கணக்கு

இந்தக் கோபத்தில் பயிர்க் காப்பீட்டையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்பது என் பயம். 2021 ஜனவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா பருவம் தவறிய மழையில் சாய்ந்ததை மறந்துவிட முடியாது. பிரீமியத்தின் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும் காப்பீடு அது. சம்பா விவசாயி அதை விடக்கூடாது என்பதே என் கருத்து.

ஆனால் அதிலும் சம்மதம் கேட்கும் முறை தலைகீழாக இருக்கிறது. 2020 காரிஃப் முதல் கடன் வாங்கிய விவசாயிக்கும் பயிர்க் காப்பீடு விருப்பம் சார்ந்ததே. என்றாலும் வேண்டாம் என்று கெடு நாளுக்கு 7 நாள் முன்பாக எழுதித் தராதவருக்குப் பிரீமியம் பிடிக்கப்படும். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் பாதிப் பேர் விடுபட்டுப்போவார்கள், வெள்ளம் வந்த பிறகு வருந்துவார்கள் என்று அதிகாரிகள் சொல்லும் காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் பிடிப்பதால் எந்தப் பயிருக்கு, எந்தச் சர்வே எண்ணுக்கு, எந்த வருவாய்க் கிராமத்துக்குப் பிடித்தார்கள் என்று விவசாயி பார்ப்பதே இல்லை. கடன் விண்ணப்பத்தில் நெல் என்று இருக்கும், வயலில் உளுந்து நிற்கும். இழப்பீடு வராதபோதுதான் தவறு தெரியும். கெடுவுக்கு 2 வேலை நாள் முன்பு வரை பயிர் மாற்றத்தை வங்கிக்குத் தெரிவிக்க விதியில் இடமிருக்கிறது. பிரீமியம் பிடித்ததே தெரியாதவர் எதைத் தெரிவிப்பார்? பருவத் தொடக்கத்தில் ஒரு பக்கப் படிவத்தில் பயிர், பரப்பு, சர்வே எண் எழுதி ஒரே ஒரு கையெழுத்து வாங்குவது வங்கிக்குப் பெரிய சுமை இல்லை.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமக் கூட்டங்களுக்கு மண்வள அட்டையோடு பாஸ்புக்கையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பதிவு போட்டு ஆறு மாதமான பாஸ்புக்காக இருந்தால் பயனில்லை, முந்தின நாள் வங்கியில் கொடுத்துப் பதிந்து வரட்டும். 'இன்ஸ்' வரிகளை அடிக்கோடிட்டு, எது பயிருக்கு, எது ஆளுக்கு, எது யாருக்கென்றே தெரியாதது என்று பிரித்துக் காட்ட ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் 15. அக்டோபர் கடைசி வாரக் கூட்டத்தில் இதைச் செய்துவிட்டால், பயிரைத் திருத்த வேண்டியவர் திருத்தவும், விலக நினைப்பவர் நவம்பர் 8-க்குள் எழுதிக் கொடுக்கவும் நாள் இருக்கும்.