பனிமீது ஒரு பாடிவீடு

வீடு என்றவுடன் அசையாத அடித்தளமே நம் நினைவுக்கு வருகிறது. ஆழத் தோண்டிக் கருங்கல் இட்டு எழுப்பியது தலைமுறைகள் நிற்கும் என்பது நம் நம்பிக்கை. அண்டார்க்டிகாவின் பனித்தட்டுகளில் இந்நம்பிக்கை செல்லாது. அங்கே காலடித் தளமே கடலை நோக்கி ஊர்கிறது. பெய்த பனி உருகாமல் ஆண்டுதோறும் மேன்மேலும் படிகிறது. எனவே துருவ ஆய்வு நிலையத்தை மாளிகையாக அன்று, எழுப்பவும் பெயர்க்கவும் வல்ல பாடிவீடாகவே வடிவமைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனின் ஹாலி நிலையம் இதற்குத் தக்க சான்று. பிரண்ட் பனித்தட்டின்மீது 1956இல் அது தொடங்கப்பட்டது. முதல் நான்கு நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் புதைந்தன. ஐந்தாவது, எஃகுக் கால்களின்மேல் நின்றது. ஆண்டுதோறும் அதனை உயர்த்திப் புதையாமல் காத்தனர். ஆயினும் ஊர்ந்து செல்லும் பனித்தட்டு அதனையும் சுமந்துகொண்டே சென்றது.

2013இல் திறக்கப்பட்ட ஆறாவது நிலையமே இவ்விரு இடர்களுக்கும் விடை கண்டது. அதில் எட்டுத் தனித்தனிக் கூடங்கள். அவற்றுக்கு நீரழுத்தத்தால் உயரும் கால்கள். கால்களின் அடியில் சறுக்குப் பலகைகள். பனித்தட்டில் பிளவு வளரவே, 2016-17 கோடையில் கூடங்களைப் பிரித்து, இழுவை வண்டிகளால் 23 கிலோமீட்டர் தொலைவு இழுத்துச் சென்றனர். 2023 சனவரியில் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனிப்பாளம் பிரிந்து கடலில் மிதந்தது, நிலையமோ தப்பியது.

இத்தகைய அமைப்புக்குச் செலவு மிகும் என்பர். மீண்டும் மீண்டும் புதியது கட்டுவதும் செலவே அன்றோ? அதனினும் பெரிது அறிவின் இழப்பு. ஹாலியில் பல்லாண்டுகள் இடையறாது எடுத்த அளவுகளே, ஓசோன் படலம் தேய்வதை 1985இல் உலகுக்கு உணர்த்தின. கட்டடம் மாறலாம், அளவீட்டுத் தொடர் அறுபடலாகாது.

நம் நாட்டு வரலாறும் இதனையே உரைக்கிறது. இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது. பின்னர் வந்த மைத்ரி பாறைநிலத்தில் எழுந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய பாரதி நிலையமோ, 134 சரக்குப் பெட்டகங்களை இணைத்து உருவானது. கப்பலில் ஏறிய பெட்டகமே அறையாயிற்று! குறுகிய துருவக் கோடையில் செதுக்கிச் சீர்செய்ய நேரமேது? சிந்தனையும் ஒத்திகையும் இங்கேயே முடிதல் வேண்டும்; அங்கே பூட்டுதல் ஒன்றே எஞ்ச வேண்டும்.

மைத்ரிக்கு மாற்றாகப் புதிய நிலையம் எழுப்பத் திட்டம் உண்டு. 1991இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை, கைவிட்ட இடங்களைத் தூய்மை செய்யும் கடமையைப் பயன்படுத்தியோர்மீதே வைக்கிறது. ஆகவே அந்நிலையத்தின் முதல் வரைபடத்திலேயே அதனைக் கழற்றி மீட்கும் முறையும் இடம்பெறல் வேண்டும். நாளை பொறியியல் பயிலவிருக்கும் மாணவர்கள் இதனை மனங்கொள்க: எழுப்பத் தெரிவது திறமை, சுவடின்றி எடுத்துவரத் தெரிவது பொறுப்பு.