ஒரு வணக்கத்தால் எழுந்த இல்லம்

நம் வீட்டுப் பிள்ளை மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் வேளையில், பெற்றோர் வாயினின்றும் முதலில் எழும் வினா யாது? "அங்கே நம்மவர் யாராவது இருக்கிறார்களா?" என்பதேயாம். அன்பிலே பிறந்த வினா அது. அதனைக் குறை கூற நாம் துணியோம். ஆயினும், பல தேசத்து மாணவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டோராண்டுகள் ஒருவரின் பிற்கால வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை இவ்வாரம் சற்றே சிந்திப்போம்.

1909ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலை நூலகப் படிகளில், ஹரி எட்மண்ட்ஸ் என்பவர் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறினார். அம்மாணவரின் மறுமொழி அவர் நெஞ்சைத் தைத்தது. தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்களாகியும், தம்முடன் முதன்முதலாகப் பேசியவர் அவரே என்றார் அம்மாணவர். அன்று தொட்டு எட்மண்ட்ஸும் அவர் மனைவியாரும் பிறநாட்டு மாணவரை ஞாயிறு தோறும் விருந்துக்கு அழைக்கலாயினர். நாளடைவில் வீடு போதாதாயிற்று. இளைய ரொக்பெல்லர் பொருளுதவி புரிய, 1924இல் ஹட்சன் நதியோரத்தில் சர்வதேச இல்லம் எழுந்தது. பின்னர் 1930இல் கலிபோர்னியாவின் பேர்க்லியிலும், 1932இல் சிக்காகோவிலும் அத்தகைய இல்லங்கள் தோன்றின.

பேர்க்லி இல்லம் எளிதில் எழுந்ததன்று. நிறம் பார்த்து மாணவரை விலக்கிய சங்க விடுதிகள் நிறைந்த வீதியையே எட்மண்ட்ஸ் வேண்டுமென்று தெரிந்தெடுத்தார். பல நிறத்தவர் ஒருங்கே வாழ்வதா, ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் இருப்பதா என்று அயலார் கொதித்தெழுந்தனர். 800 பேருக்கு மேல் திரண்ட எதிர்ப்புக் கூட்டத்திலே, கறுப்பினப் பத்திரிகையாளரான டெலைலா பீஸ்லி அம்மையார் எழுந்து நின்று இல்லத்துக்காகப் பேசினார்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பர் நம் முன்னோர். மூன்று நாள் நல்லவராயிருத்தல் யாருக்கும் எளிது. இத்தகைய இல்லத்தின் பயனோ நாலாம் நாளிலேதான் தொடங்குகின்றது. ஒருவர் பொரிக்கும் கருவாட்டின் மணம் மற்றொருவருக்கு ஒவ்வாது. இன்னொருவர் நோன்பிருக்கும் மாதத்தில், விடியுமுன்னரே பாத்திர ஓசை எழும். முகம் சுளிக்கலாம், ஆனால் மறுநாளும் அதே மேசையில் அமர்ந்து உண்ணவேண்டுமே! ஆகவே பேசித் தீர்த்துக்கொள்ளப் பழகுகின்றனர். அங்கே வீட்டுக்காரர் எவருமிலர், யாவரும் வந்தவரே. "எங்கள் வழக்கமே வழக்கம்" எனச் சாதிக்கும் உரிமை ஒருவருக்குமில்லை. தம் வழக்கத்தைப் பிறருக்கு விளக்க முயலும்போதுதான், அதன் காரணம் தமக்கே தெரியாதென்பதைப் பலர் உணர்கின்றனர்.

கனடா தேசத்துப் பண்ணை வீடொன்றிற் பிறந்த ஜோன் கென்னத் கல்பிரெய்த், 1930களின் தொடக்கத்தில் பேர்க்லி இல்லத்தில் வாழ்ந்தவர். பொருளியல் அறிஞராகப் புகழெய்திய அவர், 1961 முதல் 1963 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதுவராய் விளங்கினார். அவ்வில்லமே அவரை அவ்வாறு ஆக்கிற்று என நாம் சொல்ல வரவில்லை. பெரும் பதவி எதுவும் எய்தாத மற்றையோரிடத்திலும் அவ்வாழ்வின் பயனைக் காணலாம். தூர தேசத்திலே பூகம்பம் என்று பத்திரிகையிற் செய்தி வந்தால், மற்றவர்கள் தேசப்படத்தைத் தேடுவர். அவர்களோ ஒரு முகத்தை நினைந்து கலங்குவர்.

இதிலே ஒரு சங்கடமும் உண்டு. வேறோர் இனத்தாரை ஏளனஞ் செய்து கலியாண வீட்டிலே பேச்செழும்போது, எல்லோரும் சிரிப்பர். ஊர் திரும்பிய அவரால் சிரிக்க இயலாது. அந்தக் கணத்திலே சொந்த ஊரிலேயே அவர் சற்று அந்நியராகின்றார். இது சிறிய விலையன்று. எனினும் கொடுக்கத் தக்க விலையே என்பது நம் துணிபு.

எனவே பெற்றோர்களே, "நம்மவர் இருக்கிறார்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள். அத்துடன், "அடுத்த அறையில் இருப்பவர் எந்நாட்டவராயினும் நீயே முந்தி வணக்கம் சொல்" என்றும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு வீடு திரும்பும் நாமும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். நம் வீதிக்குப் புதிதாய்க் குடிவந்தவரோடு நாம் பேசினோமா? அல்லது, அவருக்கும் மூன்று வாரங்கள் கழிந்துவிட்டனவா?